கதவுக்கு மேலே அப்பப்பாவின் பெயர்

போன வருடம் சித்தப்பா பப்பின் திறப்புக் கோர்வையைத் திருப்பிக் கொடுத்தார். 1999-இல் கைக்கு வந்தது. சரியாக இருபத்தைந்து வருடம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், சஃபோக் கவுண்டியில் உள்ள ஒரு கிராமம் அது. லண்டனிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம். ஒரு பழைய தேவாலயம், முதலாம் உலகப் போரில் செத்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர் வெட்டிய ஒரு கல், நூற்றுச் சொச்சம் வீடுகள், நடுவில் பப். மரச்சட்டம் போட்டுக் கட்டி, அந்தப் பகுதிக்கே உரிய இளஞ்சிவப்பு நிறம் பூசிய கட்டடம். உள்ளே போகும்போது உயரமான ஆள் தலையைக் குனிய வேண்டும். ஊரில் இருந்த கடையும் தபாற்கந்தோரும் பூட்டிப் பல வருடம். நாலு பேர் கூடிக் கதைக்க மிஞ்சிய ஒரே இடம் அதுதான்.

சித்தப்பா ஓய்வெடுக்கப் போகிறார் என்றதும், கட்டடத்தின் சொந்தக்காரரான பியர் கொம்பனி அதை விற்க விளம்பரம் போட்டது. வாங்குகிறவர் வீடாக மாற்றிவிடுவாரோ என்று ஊர் பயந்தது. இங்கிலாந்தில் 2011-இல் வந்த சட்டம் ஒன்று உண்டு. பப், கடை, மண்டபம் போன்ற ஒரு இடத்தை, சமூகத்துக்குப் பெறுமதியான சொத்து என்று ஊர்மக்கள் உள்ளூராட்சிச் சபையில் பதிந்து வைக்கலாம். பதிந்த இடம் விற்பனைக்கு வந்தால், தாங்களே வாங்குவதற்குப் பணம் சேர்க்க ஆறு மாத அவகாசம் கேட்கலாம். ஊர் கேட்டது. பங்கு விற்றுப் பணம் சேர்க்க ஒரு குழுவும் அமைந்தது. பங்கு வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க, பப்பின் கதையை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுவது என்று தீர்மானித்தார்கள். பப்பின் உரிமம் யார் யார் கையில் இருந்ததோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்.

கடைசிப் பக்கம் சித்தப்பாவுக்கு. அதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். பிறந்த இடம், பெற்றோர் செய்த தொழில், இங்கே வந்த கதை. முந்நூறு சொல் போதும் என்றார்கள்.

அந்த முந்நூறு சொல்லில் ஒரு வரிக்காக எங்கள் குடும்பத்தில் நாலு மாதம் சண்டை நடந்தது. பெற்றோர் செய்த தொழில் என்ற வரிக்காக.

முதலில் பப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1830-இல் இங்கிலாந்தில் பியர் வீட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. வரி கட்டுகிற எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டினால் தன் வீட்டிலேயே பியர் விற்கலாம். அதுவரை நீதவான்களின் தயவு வேண்டியிருந்தது. சட்டம் வந்ததும் ஊருக்கு ஊர் கொல்லரும் தச்சரும் தங்கள் முன்னறையில் ஒரு பீப்பாவை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். இந்தப் பப்பும் அப்படித்தான் தொடங்கியது. முதல் ஆள் ஒரு கொல்லர். பகலில் குதிரைக்கு லாடம், பின்னேரம் பியர். அவர் செத்தபிறகு மனைவி நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு விதவை சொந்தமாக நடத்தக்கூடிய சில தொழில்களில் பப்பும் ஒன்று. மரண விசாரணைகூடப் பப்பில் நடந்திருக்கிறது. ஊரில் வேறு பெரிய அறை ஏது? குளத்தில் விழுந்து செத்தவரின் உடல் பின்கொட்டிலில் கிடக்க, முன்னறையில் விசாரணை நடக்கும்.

இதெல்லாம் அந்த ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? எழுத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு. 1841 முதல் ஒவ்வொரு வீட்டிலும் அன்றிரவு படுத்தவர்கள் எல்லோருடைய பெயரும், வயதும், தொழிலும் பதிந்திருக்கிறது. நூறு வருடம் பூட்டி வைத்துப் பிறகு எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுவார்கள். 1921-ஆம் ஆண்டுப் பதிவு 2022 தொடக்கத்தில் திறந்தது. 1931-ஆம் ஆண்டுப் பதிவு 1942-இல் தீயில் போய்விட்டது. 1941-இல் போர், கணக்கே எடுக்கவில்லை. போர் தொடங்கிய கையோடு 1939 செப்ரெம்பரில் எடுத்த பதிவு ஒன்றுதான் அந்த இடைவெளியை நிரப்புகிறது. பப்பில் குந்தியிருக்கும் கிழவர்களுக்கு இந்த வருடங்கள் எல்லாம் மனப்பாடம்.

அவர்கள் தேடிப் பிடிக்கிற முன்னோர்கள் யார்? பிரபுக்கள் இல்லை. பெரும்பாலும் கூலிகள். பழைய பதிவுகளில் பண்ணைக் கூலியாளுக்கு ஒரு சுருக்கெழுத்து உண்டு, "ஆக் லாப்" என்று. அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வரும். "எங்கள் ஆட்கள் ஆறு தலைமுறையாக ஆக் லாப்!" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "எங்களுடையது ஏழு" என்பார். 1874-இல் சஃபோக் பக்கம் பண்ணைக் கூலிகள் சம்பளம் கூட்டிக் கேட்டபோது, சங்கத்தில் சேர்ந்தவர்களை முதலாளிகள் வேலையை விட்டே வெளியில் விட்டார்கள். அந்தப் பட்டினியில் தன் பூட்டன் இருந்தார் என்று ஒருவர் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். சங்கத்தைத் தொடங்கிய ஜோசப் ஆர்ச், 1872-இல் வெல்ஸ்போர்ன் என்ற ஊரில் கூட்டிய முதற்கூட்டத்தைப் பப்பில்தான் நடத்த இருந்தார். சனம் கூடிவிட்டதால் பப்புக்கு எதிரே மரத்தடிக்குப் போனார்கள். கூலிகள் கூடுவதற்கு இருந்த இடம் அதுதான்.

இந்தப் பெருமை எனக்கு விளங்க வருடக்கணக்கானது.

சித்தப்பா 1957-இல் வலிகாமம் வடக்கில் பிறந்தவர். 83 கலவரத்துக்கு அடுத்த வருடம் லண்டன் வந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு இப்ஸ்விச்சில் ஒரு பப்பின் குசினியில் கோப்பை கழுவினார். அங்கேயே படிப்படியாக மேலே வந்து, 1999-இல் இந்தக் கிராமத்துப் பப்பைக் குத்தகைக்கு எடுத்தார். அப்போது உரிமம் கொடுப்பது நீதவான்கள். "தகுதியான ஆள்தானா" என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு போய் நின்றாராம்.

உரிமம் கிடைத்தபிறகு இன்னொரு வேலை இருந்தது. உரிமம் பெற்றவரின் பெயரைப் பப்பின் வாசலில் எழுதி வைக்க வேண்டும். அது அப்போது சட்டம். கதவுக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை. பெயர் எழுத வந்தவர் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இருபத்தெட்டு எழுத்து. "சுருக்கலாமா?" என்று கேட்டார். சித்தப்பா மாட்டேன் என்றுவிட்டார். சின்ன எழுத்தில் இரண்டு வரியாக எழுதினார்கள்.

எங்கள் பெயர்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பெயர் முன்னுக்கு, நம்முடைய பெயர் பின்னுக்கு. வெள்ளைக்காரருக்கு முன்னுக்கு நிற்பதுதான் ஆளின் பெயர். ஊரார் பலகையைப் பார்த்தார்கள், முதல் வரியில் பாதியை வெட்டி எடுத்து, அந்த அரைப்பெயரால் சித்தப்பாவைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அது அப்பப்பாவின் பெயர். சித்தப்பா திருத்தவில்லை. இருபத்தைந்து வருடம் அந்த ஊரில் என் அப்பப்பாவின் பெயர்தான் புழங்கியது. "கிறிஸ்மஸ் வாழ்த்துகள்" என்று அட்டை வரும், அப்பப்பாவின் அரைப்பெயருக்கு.

நான் 2000-ஆம் ஆண்டு, பதினாலு வயதில் லண்டன் வந்தேன். அந்தக் கோடை விடுமுறைக்கு அப்பா என்னைச் சித்தப்பாவிடம் அனுப்பினார். அனுப்பும்போது சொன்னது ஞாபகம்: "ஆரும் கேட்டா, சித்தப்பா ரெஸ்ரோரன்ட் வச்சிருக்கிறார் எண்டு சொல்லு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தமிழ்ச் சனத்துக்கு நடுவில் பப் என்று சொன்னால் குடிகாரக் குடும்பம் என்று நினைப்பார்கள், அதுதான் காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா குடிப்பதில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் பியரைப் பராமரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். கிராமத்துப் பப்பில் விற்கும் பழைய முறைப் பியர், பீப்பாவுக்குள் வந்தபிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். நிலவறையில் பதினொன்று முதல் பதின்மூன்று பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். மேலே ஒரு மர ஆப்பை அடித்து, காற்று எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தளர்த்த வேண்டும். திறந்த பீப்பா மூன்று நாளில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். சித்தப்பா பீப்பாவில் காதை வைப்பார். மூக்கை வைப்பார். "இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு மத்தியானம் திறக்கலாம்" என்பார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "அப்புவிட்டை" என்றார். அதற்கு மேல் கதைக்கவில்லை.

பப்பின் பக்கச் சுவரில் ஒரு சின்ன யன்னல் இருந்தது. உள்ளே ஒரு பலகைத் தட்டு, வெளியே ஒரு படி. வந்த புதிதில் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, எப்போதும் முதல் ஆளாக வந்து குந்தும் பெரியவர் ஒருவரிடம் கேட்டாராம்: "இது ஆருக்கு? உள்ளுக்கு விடாத ஆக்களுக்கோ?" பெரியவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு சிரித்துவிட்டு விளக்கினார். வீட்டில் வைத்துக் குடிக்கச் சாடியோடு வருகிறவர்களுக்கான யன்னல் அது. அப்பனுக்குப் பியர் வாங்கப் பிள்ளைகளைச் சாடியோடு அனுப்புவார்கள். வழியில் பிள்ளைகள் ஒரு வாய் குடிப்பார்கள். அதைத் தடுக்கத்தான் 1901-இல் ஒரு சட்டம் வந்தது, பதினாலு வயதுக்குக் கீழே என்றால் அடைத்து முத்திரை வைத்த போத்தலில்தான் கொடுக்க வேண்டும் என்று. உள்ளே வர வெட்கப்பட்ட பெண்களும் அந்த யன்னலில் வாங்குவார்கள்.

சித்தப்பாவுக்கு ஏன் அப்படி ஒரு கேள்வி வந்தது என்பது எனக்கு 2006-இல்தான் தெரிந்தது.

அந்த வருடம் யூலை மாதம். நான் பல்கலைக்கழக விடுமுறையில் அங்கே வேலை செய்துகொண்டிருந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நியூசிலாந்திலிருந்து வந்திருந்தார். கையில் 1881 குடிசன மதிப்பீட்டின் பிரதி. அதில் இந்தப் பப்பின் வரியில் கடைசிப் பெயர், பதினாலு வயது, வேலைக்காரி. அது தன்னுடைய பூட்டி என்றார். "அவர் படுத்த இடத்தைப் பார்க்கலாமா?"

சித்தப்பா மேலே கூட்டிப்போனார். கூரைக்குக் கீழே, நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு சின்ன அறை. நாங்கள் காலிப் பெட்டிகள் வைத்திருந்தோம். அந்த அம்மா தரையில் இருந்து, சுவரைக் கையால் தடவி, அழுதார். கீழே வந்ததும் பப்பில் இருந்த எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "என் பூட்டி இங்கே கோப்பை கழுவினவர்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவருக்குக் காசு வாங்காமல் சாப்பாடு கொடுத்தோம். ஒரு பெரியவர் தன் பாட்டியின் தங்கையும் இங்கே வேலை செய்தவர்தான் என்று சொல்ல, இருவரும் உறவுமுறை தேடத் தொடங்கினார்கள்.

அன்றிரவு கடைசி மணி அடித்து, கதவைப் பூட்டி, கிளாசுகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பா சொன்னார்:

"கோப்பை கழுவினவவின்ரை பூட்டப்பிள்ளை பன்னிரண்டாயிரம் மைல் பறந்து வந்து சொல்லுறா, பாத்தனியே? நாங்கள் என்னத்தைச் சொல்லுறம்?"

பிறகு சொன்னார். அப்பப்பா சீவல் தொழிலாளி. பனை ஏறிக் கள் இறக்குகிறவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தவறணையில் அதைக் கொடுத்து, அங்கேயே நின்று வார்த்தும் கொடுத்தவர். தவறணை என்ற சொல்லே ஆங்கிலத்தின் "டேவர்ன்" போன்ற ஐரோப்பியச் சொல்லிலிருந்து நமக்கு வந்ததுதான். ஒரே சொல். இங்கே அது பெருமையாகப் பலகையில் தொங்குகிறது, அங்கே அது வசைச்சொல்.

சித்தப்பா எட்டு ஒன்பது வயதில் தவறணையின் பின்வேலிக்குப் பிளா கொண்டுபோவாராம். பனையோலையில் மடித்த பிளாவில் கள். உள்ளே வரமாட்டாத "பெரிய ஆக்கள்" வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். வாங்கிக் குடித்துவிட்டுக் காசை நிலத்தில் போடுவார்கள், கையில் தரமாட்டார்கள். எங்கள் வீட்டுக் கள்ளைக் குடிப்பார்கள், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள். இதையெல்லாம் கே. டானியல் தன் நாவல்களில் எழுதிவிட்டார். ஆனால் படிப்பது வேறு, சொந்தச் சித்தப்பாவின் வாயால் கேட்பது வேறு.

"அப்புவை அங்கை பத்து வயசுப் பெடியனும் அரைப்பேரிலைதான் கூப்பிடுவான். இஞ்சையும் அரைப்பேர்தான். ஆனா இஞ்சை கூப்பிட்டிட்டுக் கையைக் குடுக்கினம். அதாலைதான் நான் திருத்தேல்லை."

இங்கிலாந்தை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டுப் பப்களில் கறுப்பரையும் ஆசியரையும் வெளியே நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. 1965 பெப்ரவரியில் மல்கம் எக்ஸ் ஸ்மெதிக் நகருக்கு வந்து பார்த்துப் போனது அந்த நிறத்தடையைத்தான். அந்த வருடக் கடைசியில் வந்த இனவுறவுச் சட்டம் பொது இடங்களில் அதைத் தடைசெய்தது. வெள்ளையருக்குள்ளும் பிரிவு இருந்தது. கூலிகளுக்கு ஒரு அறை, துரைமாருக்குக் கம்பளம் விரித்த இன்னொரு அறை, அங்கே அதே பியருக்கு ஒரு பென்னி இரண்டு பென்னி கூட. சித்தப்பா வந்த முதல் கிழமை, அவர் பாருக்குப் பின்னால் வந்து நின்றதும் முழுப் பப்பும் பேச்சை நிறுத்திய கதையும் உண்டு. அதையும் புத்தகத்தில் எழுதச் சொன்னார், எழுதினேன்.

நம் பக்கத்தில் சட்டம் இவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம். சித்தப்பா பிறந்த வருடம். ஆனால் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்கு அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அடிபட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968-இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அப்பப்பாவைப் பற்றி எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. சித்தப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அதில் தகப்பனின் தொழில் என்று ஒரு கூடு இருக்கிறது. கள் இறக்குபவர் என்று பதிந்திருக்கிறது. விசா அலுவலுக்காகக் கடல் கடந்து வந்த பத்திரம், வந்த நாளிலிருந்து சித்தியின் அலுமாரியில், புடவைகளுக்கு அடியில். 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் கிளப்பப்பட்டபோது வீடு, படம், கொப்பி எல்லாம் போனது. அந்த வருடமே அப்பப்பாவும் போய்விட்டார். சித்தப்பாவால் செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை.

2018-இல் நான் போய்ப் பார்த்தேன். எங்கள் காணி இருந்த பகுதியை விட்டிருந்தார்கள். பனைகள் இல்லை, பதுங்குகுழிக்குத் தறித்த காலத்தில் போயிருக்கும். தவறணை இருந்த இடத்தில் அத்திவாரக் கல் நாலைந்து கிடந்தது. தெருவால் வந்த ஒரு வயதாளி சைக்கிளை நிறுத்தினார். "ஓம், உதிலைதான் தவறணை இருந்தது" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி ஆற்றை பிள்ளை?"

எனக்கு வாய் வரவில்லை. "சும்மா பாக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆற்றை பிள்ளை, எந்த இடம், எந்தக் கோயிலடி. யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவருக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் கலியாண வீடுகளில் அதே கேள்வி நடக்கிறது. அந்தச் சஃபோக் பப்பிலும் ஒவ்வொரு நாளும் அதே கேள்விதான். "நீ யாருடைய பிள்ளை? உன் ஆட்கள் எங்கே இருந்தவர்கள்?" அங்கே அந்தக் கேள்வியின் முடிவில் ஒரு கதிரையை இழுத்துப் போடுவார்கள். நம்மிடம் பெரும்பாலும் ஒரு கதவு சாத்தப்படும். அதனால்தான் நாங்களே எங்கள் பெரியவர்களை அழித்துக்கொண்டு வருகிறோம். அப்பா "ரெஸ்ரோரன்ட்" என்று சொல்லச் சொன்னது பியருக்காக இல்லை. "சீவல்காரன்ரை மோன் திருப்பியும் கள்ளுக்கடைதானே வச்சிருக்கிறான்" என்று யாரோ எங்கேயோ சொல்லிவிடுவார்கள் என்ற பயம். சொல்லியும் இருக்கிறார்கள்.

அதனால்தான் புத்தகத்தின் அந்த ஒரு வரிக்காகச் சண்டை.

சித்தி முதலிலேயே சொல்லிவிட்டா: "விவசாயி எண்டு போடுங்கோ. என்ன குறைஞ்சு போகும்? மகளுக்குக் கலியாணம் கதைக்கிற நேரம்." அப்பா சித்தியின் பக்கம். லண்டனில் பிறந்த தங்கச்சி, அவளுக்காகத்தான் எல்லோரும் அடிபட்டோம், "அதைக் கேட்டுப் பின்வாங்கிற ஆளை நான் கட்டுறதா?" என்று கேட்டாள். சித்தி அழுதா. சித்தியைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. தன் தங்கையின் கலியாணம் ஒன்று இந்த ஒரு கேள்வியில் குழம்பியதைக் கண்ணால் பார்த்தவ. பயம் சும்மா வருவதில்லை.

சித்தப்பா நாலு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகம் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். நிலவறையில் நின்றார். கடைசிப் பீப்பாக்கள்.

"விவசாயி எண்டு எழுதினா, நான் இதை ஆரிட்டைப் படிச்சன் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

அவ்வளவுதான். அன்று பின்னேரமே எழுதி அனுப்பினேன். தகப்பன் வட இலங்கையில் பனை ஏறிக் கள் இறக்கி, தவறணையில் விற்றவர், நொதிக்கும் பானம் எப்போது பதமாகும் என்று மகனுக்குக் கற்றுக்கொடுத்தவர். இதுதான் அந்த வரி.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்துக் கொல்லருக்கும், விதவைக்கும், வேலைக்காரப் பெண்ணுக்கும் பிறகு, கடைசிப் பக்கத்தில் அப்பப்பா. ஊரார் அந்த வரியில் கண்டது வேறு எதையோ. "பனை எவ்வளவு உயரம்? கயிறு கட்டியா ஏறுவார்? எத்தனை நாள் தாங்கும்? சுவை எப்படி?" என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். தளைநாரைக் காலில் எப்படிப் போடுவது, பாளையை எப்படிச் சீவுவது, முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கள்ளாகாமல் எப்படி இனிப்பாகவே நிற்கும் என்று அவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னதை நான் பார்த்தேன். அறுபத்தேழு வயதில் தன் தகப்பனைப் பற்றி வெளியாட்களுக்கு முன்னால் முதல் தடவையாகக் கதைத்தார்.

பணம் சேர்ந்துவிட்டது. பப் இப்போது ஊராருடையது. உரிமக்காரரின் பெயரை வாசலில் எழுத வேண்டும் என்ற சட்டம் 2005 நவம்பரோடு போய்விட்டது. சித்தப்பா அப்போதே பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தார். புதிய குழு அதைக் கழற்றி, உள்ளே கணப்புக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறது. லேவனம் என்ற பக்கத்து ஊரில் ஸ்வான் விடுதிச் சுவரில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படைக்காரர் போட்ட கையெழுத்துகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அப்படிப் பெயரைக் காப்பாற்றுகிற நாடு இது. 2001 ஏப்ரல் 29-ஆம் திகதி எடுத்த குடிசன மதிப்பீட்டில் இந்தப் பப்பின் வரியில் சித்தப்பாவின் முழுப்பெயர் இருக்கும், முன்னுக்கு அப்பப்பாவோடு. நூறு வருடம் கழித்து அதைத் திறக்கும்போது எங்கள் பூட்டப்பிள்ளைகளில் யாராவது தேடி வரக்கூடும்.

இந்தக் கட்டுரையில் அப்பப்பாவின் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். சித்தியோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கட்டும், தமிழில் வேண்டாம், தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்றா. ஆங்கிலத்தில் அந்த வரியை எழுத ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பெயரை விட்டுவிட்டுக்கூட இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு வருடம் எடுத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் புடவைக்கு அடியில் ஒரு பத்திரம் கிடக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே எடுத்து வாசித்துப் பாருங்கோ. தொழில் என்ற கூட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கோ. அந்தத் தொழிலை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்றும் கேட்டு எழுதி வையுங்கோ. தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்ததும் நானும் அந்தப் பெயரை இங்கேயே, தமிழில், முழுதாக எழுதுவேன்.